குழாயடியில் கேட்ட கேள்வி

எழுபதுகளின் கடைசியில் மதுரையில் சமூகப் பணி இளங்கலை படித்துக்கொண்டிருந்தேன். வாரத்தில் இரண்டு நாள் களப்பணி. காசநோய் மாத்திரையைப் பாதியில் நிறுத்தியவர்களின் வீட்டுக்குப் போய் விசாரிக்க வேண்டும். எனக்குப் பழங்காநத்தம் கிடைத்தது.

அங்கே ஒரு நோயாளியின் மனைவியான பேச்சியக்காவை நான் தேடிப் பிடித்தது தெருக்குழாயில். சுற்றிலும் குடத்தோடு பெண்கள் நின்றார்கள். நான் படிவத்தைப் பார்த்து, "உங்க வீட்டுக்காரரு டி.பி. மாத்திரையை ஏன்க்கா நிறுத்திட்டாரு?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டேன்.

பக்கத்தில் நின்றவள் தன் குடத்தைச் சட்டென்று நகர்த்திக்கொண்டாள். பேச்சியக்கா பாதிக் குடத்தோடு போய்விட்டார்.

மறுவாரம் என் வேலையைப் பார்க்கப் பேராசிரியையும் கூட வந்தார். அதற்குள் அக்கம்பக்கத்தார் பேச்சியக்கா வீட்டு வாசலை மிதிப்பதில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன்.

"இந்தப் பொண்ணு உங்ககிட்ட எப்படிப் பேசினா?" என்று பேராசிரியை பேச்சியக்காவிடம் கேட்டார்.

"நல்லாத்தான் பேசுச்சு டீச்சர். அம்புட்டுப் பதவிசு."

கிளம்பும்போது நான் பின்தங்கி மன்னிப்புக் கேட்டேன்.

"நீயும் படிச்சு வேலைக்குப் போகணும்ல தாயி," என்றார் பேச்சியக்கா. "அடுத்த வீட்டுலயாவது உள்ள போயி, உக்காந்து கேளு."

பஸ்ஸில் பேராசிரியையிடம் நடந்ததைச் சொல்லிவிட்டேன். அவர் மதிப்பெண்ணைக் குறைத்தார். அந்த வீட்டுக்கே என்னைத் தொடர்ந்து அனுப்பினார். போகும்போதெல்லாம் பேச்சியக்கா கருப்பட்டிக் காபி கொடுப்பார். அவர் கணவர் குணமானார். ஆனால் குழாயடிப் பெண்களில் இரண்டு பேர் நான் படிப்பு முடிக்கும்வரை அவரோடு பேசவேயில்லை.

அந்த நாட்களை நினைத்தால் காபியின் ருசியும் அந்த இருவரின் முகமும் சேர்ந்தேதான் வருகின்றன.