பத்தரை மணி நேரக் கணக்கு

சிதம்பரத்தில் என் அண்ணன் இறந்தபோது அவருடைய ஒரே மகன் இங்கிலாந்தில் ஏதோ ஒரு சின்ன ஊரில் இருந்தான். "கிளம்பிட்டேன் சித்தப்பா. அப்பா மூஞ்சியப் பாக்கணும், எடுத்துடாதீங்க" என்று போனில் அழுதான். லண்டனிலிருந்து சென்னைக்குப் பத்தரை மணி நேரம் என்று என் போன் காட்டியது. மறுநாள் மதியமாகியும் ஆளைக் காணோம்.

"பத்தரை மணி நேரம்தான்யா பிளைட்டு. தொரைக்கு அங்க சொகம் ஜாஸ்தி, எங்க வரப்போறாரு? எடுங்க!" என்று இளக்காரமாகச் சொல்லி, நானே கொள்ளி வைத்தேன்.

சிதை எரியும்போது ஓடிவந்தான். அவன் ஊரிலிருந்து லண்டன் விமான நிலையத்துக்கே ஐந்து மணி நேரமாம், சென்னையிலிருந்து சிதம்பரத்துக்குக் காரில் இன்னும் நாலு மணி நேரமாம்.

"கொஞ்சம் இருந்திருக்கக் கூடாதா சித்தப்பா?"

முந்தின நாள் சாவுச்செய்தி வந்ததும், கடலூரில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத்தான் நான் பஸ் ஏறினேன். ஒரு மணி நேரத் தூரத்துக்கு மூன்று மணி நேரம் எடுத்துக்கொண்டேன். ஏன் இவ்வளவு நேரம் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. இன்றும் நடராஜர் முன்னால் கைகூப்பும்போதெல்லாம் என்மேல்தான் இளக்காரம் வருகிறது.