எதிர்க்கரையில் இறங்கிய வித்தோரி

சாப்பாட்டுக்கு அப்புறம் படகு உண்டு என்று கூட வேலை பார்க்கும் எல்மீரா பேருந்திலேயே சொல்லியிருந்தாள். எந்தப் படகு என்று அவள் சொல்லவில்லை, வித்தோரியும் கேட்கவில்லை. எல்லாக் குழப்பமும் அங்கேதான் தொடங்கியது.

அல்பேனியாவின் போக்ராதெட்ஸ் ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பெண்கள் சேர்ந்து போட்ட ஒருநாள் சுற்றுலா அது. எல்லை தாண்டினால் மக்கெதோனியா. தாண்டியவுடன் ஏரிக்கரையில் புனித நவூமின் மடம். வித்தோரிக்கு ஐம்பத்தாறு வயதாகிறது. அந்த ஏரிக்கரையில்தான் பிறந்தாள். ஆனால் அன்றுவரை அல்பேனியாவை விட்டு வெளியே கால் வைத்ததில்லை. முதலில் அரசாங்கம் விடவில்லை, பிறகு அவளுக்கே தோன்றவில்லை.

மடத்தைப் பார்த்து, மீன் சாப்பிட்டு முடித்ததும் மற்றவர்கள் மடத்து மயில்களோடு படம் எடுக்கப் போய்விட்டார்கள். படகுத்துறையில் சிவப்புத் தொப்பி போட்ட ஒருத்தி ஏறுவதை வித்தோரி பார்த்தாள். நம் இஸ்திரிப் பிரிவு ஃபத்பார்தாதான் என்று நினைத்துப் பின்னாலேயே ஏறி உட்கார்ந்தாள். யாரும் சீட்டுக் கேட்கவில்லை. அந்தத் தொப்பிக்காரி திரும்பியபோது அது வேறு யாரோ. அதற்குள் படகு கரையை விட்டிருந்தது.

இடப்பக்கம் திரும்பினால்தான் அவள் ஊர். படகு திரும்பவே இல்லை. வலப்பக்கத்து மலை கூடவே வந்தது. சின்னதாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்புவார்கள் என்று முதலில் நினைத்தாள். மடத்தின் கோபுரம் விரல்நுனி அளவாகி மறைந்தபோது எழுந்து படகோட்டியிடம் போனாள்.

"தம்பி, எங்க போறோம்?"

ரிஸ்தே என்ற அந்தப் படகோட்டிக்கு அல்பேனியன் தெரியாது. அவன் சொன்னதில் அவளுக்குப் புரிந்தது ஒரே சொல்தான்: ஓஹ்ரித். ஏரியின் மறுகோடியில் இருக்கும் ஊர்.

வித்தோரி மறுபடி போய் உட்கார்ந்துவிட்டாள்.

அவளுக்குப் பதினேழு வயதிருக்கும்போது, ஒரு செப்டம்பர் மாதம், அண்ணன் சோதிர் இந்தத் தண்ணீரில் இறங்கி எல்லைக்கு அந்தப் பக்கம் நீந்திப் போனான். போய்ச் சேர்ந்தானா, மூழ்கினானா, காவல் படகில் மாட்டினானா, எதுவும் தெரியவில்லை. தப்பியோடியவனின் குடும்பம் என்று அப்பா, அம்மா, இவள் மூவரையும் தெற்கே ஒரு பண்ணைக்கு அனுப்பினார்கள். ஆட்சி கவிழ்ந்த பிறகுதான் ஊர் திரும்பினார்கள். அப்பா திரும்பவில்லை. கறை பட்ட வீட்டில் பெண் எடுக்க எவனும் வரவில்லை. ஆஸ்பத்திரி வெளுப்பறையில் வேலை கிடைத்தது, அம்மாவைப் பார்த்துக்கொண்டாள். வாழ்க்கை அவ்வளவுதான் என்று அவளே சொல்வாள், வருத்தமில்லாமல்.

ஓஹ்ரித் துறையில் எல்லோரும் இறங்கிப் போனார்கள், அவள் மட்டும் நின்றாள். ரிஸ்தே தலையைச் சொறிந்தான். பிறகு அவள் முழங்கையைப் பிடித்து, கடைத்தெருவில் பெரிய சினார் மரத்துக்குப் பக்கத்திலிருந்த ஒரு இனிப்புக் கடையில் கொண்டுபோய் விட்டான். கடைக்காரர் நெஜாத் அல்பேனியர்தான். ஆனால் அவர் பேச்சின் இழுவை வேறு.

"எந்தூருங்க நீங்க? தனியாவா வந்தீங்க?"

"வரலைங்க. வந்துட்டேன்."

நெஜாத் சிரித்துவிட்டு, தண்ணீர் கொடுத்து, அவள் கைப்பையிலிருந்த எண்ணுக்குத் தன் போனிலிருந்து அழைத்தார். எல்மீரா எடுத்தாள்.

"என்ன விளையாட்டு இது? வித்தோரி அக்கா பஸ்லதான் இருக்காங்க. பின்னாடி சீட்ல தூங்குறாங்க."

"நான்தான்டி பேசுறேன்! சீட்ல கிடக்கிறது என் கோட்டு!"

அந்தப் பக்கம் யாரோ பின்சீட்டுக்கு ஓடும் சத்தம் கேட்டது. பிறகு எல்மீராவின் குரல் உச்சத்துக்குப் போனது. "ஐயோ, ஓஹ்ரித்லயா? அங்க எதுக்குக்கா போனீங்க?"

படகு மாறி ஏறியதைச் சொன்னாள் வித்தோரி. மடத்து வாசலிலேயே காத்திருக்கிறோம் என்றாள் எல்மீரா. நெஜாத்தின் மகன் காரோடு வர இரண்டு மணி நேரமாகும். "அதுவரைக்கும் ஊரைச் சுத்திப் பாருங்க. யாருக்கு வாய்க்கும்?" என்றார் நெஜாத்.

சுற்றிப் பார்த்தாள். கல் பாவிய ஏற்றம், முத்துக் கடைகள், மேலே கோட்டை. எதுவும் கண்ணில் நிற்கவில்லை. அறுபதை ஒட்டிய ஆண்களின் முகங்களை மட்டும் பார்த்துக்கொண்டே நடந்தாள். ஒருவருக்கு அதே நெற்றி. இன்னொருவர் அதே மாதிரி தோளைச் சாய்த்து நடந்தார். மூன்றாவது ஆளின் பின்னாலேயே ஒரு தெரு முழுக்கப் போய்விட்டாள். அவர் திரும்பி முறைத்தார். சோதிரின் முகம் இப்போது எப்படி இருக்கும்? அப்போது எப்படி இருந்தது என்பதே நிச்சயமாக நினைவில்லை. ஒருகட்டத்தில் ஏரி எந்தப் பக்கம் என்றே தெரியாமல், வழி கேட்கவும் மொழியில்லாமல், சினார் மரத்தின் உச்சியை அடையாளம் வைத்து ஒருவழியாகக் கடைக்குத் திரும்பினாள்.

"யாரையாவது தேடுறீங்களா?" என்று நெஜாத் கேட்டார். சொன்னாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "வாங்க. எதிர்ச்சந்துல சாவி வெட்டுற லுவான் இருக்கார். அவரும் தண்ணியில வந்தவர்தான்."

லுவானைப் பார்த்ததுமே அது அண்ணன் இல்லை என்று தெரிந்தது. உயரம் குறைவு, கண் பச்சை. ஆனால் அவர் பேசியது போக்ராதெட்ஸ் பேச்சு, அவள் தெருப் பேச்சு. அதைக் கேட்டதும் அவள் அண்ணன் போன கதையைச் சொல்லத் தொடங்கினாள்.

"எந்த வருஷம்?" என்றார். சொன்னாள். இயந்திரத்தை நிறுத்தினார்.

"அந்த வருஷம்தான் நானும் வந்தேன். போலீஸ் ஸ்டேஷன்ல என்கூட ஒரு பையன் இருந்தான். ஒல்லியா இருப்பான். பேரு மார்கோன்னு சொன்னான். நாங்க எல்லாருமே பொய்ப் பேருதான் சொன்னோம், திருப்பி அனுப்பிருவாங்கன்னு பயம். வடக்க ஒரு முகாமுக்கு ரயில் ஏத்தினாங்க அவனை. அப்புறம் கனடா போயிட்டதா யாரோ சொன்னாங்க. யாரு சொன்னான்னு கேட்டா தெரியாது."

"அவன் எப்படி இருந்தான்? ஏதாவது அடையாளம்?"

லுவான் யோசித்தார். "எப்பப் பாரு விசிலடிப்பான். காவலாளி அடிச்சாக்கூட நிறுத்த மாட்டான். உங்க அண்ணன் விசிலடிப்பாரா?"

வித்தோரி நினைத்துப் பார்த்தாள். சோதிர் ரொட்டியைக் கிழிக்கும் விதம் நினைவில் இருந்தது, கதவை உதைத்துத் திறப்பது நினைவில் இருந்தது. விசிலடித்தானா?

"எனக்குத் தெரியலையே," என்றாள். "அம்மாவைக் கேட்டாத்தான் தெரியும். அம்மா போய் நாலு வருஷமாச்சு."

லுவான் அவளுக்கு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார். போக்ராதெட்ஸ் சந்தைப் பக்கத்து சினிமா கொட்டகை இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். இடித்துவிட்டார்கள் என்றாள். ஒருநாள் வாருங்களேன் என்றாள். "வரலாம், யாரும் தடுக்கல," என்றார். "யாரைத் தெரியும் அங்க?"

நெஜாத்தின் மகன் அவளை இருட்டுவதற்குள் மடத்து வாசலில் இறக்கிவிட்டான். வெளுப்பறைப் பெண்கள் எல்லோரும் ஓடிவந்து கட்டிக்கொண்டு திட்டினார்கள். "எங்களை விட்டுட்டுத் தனியா ஓஹ்ரித் பார்த்துட்டு வந்திருக்கா பாரு, கள்ளி!" எல்மீரா கோட்டை அவள் தோளில் போர்த்தினாள். "எப்படி இருந்துச்சு ஊரு?"

"அழகான ஊருதான்," என்றாள் வித்தோரி. கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு பேருந்தில் ஏறினாள்.

அந்த வாரம் முழுக்கத் தெருவில் பழைய ஆட்களிடம் கேட்டுப் பார்த்தாள். எதிர்வீட்டுக்காரி, "சோதிரா? காது கிழிய விசிலடிப்பானே!" என்றாள். அண்ணனோடு படித்த தபால்காரர், "அது அவன் இல்ல, பக்கத்து வீட்டுப் பையன். சோதிருக்கு விசிலே வராது," என்று அடித்துச் சொன்னார். இருவருமே சத்தியம் செய்யத் தயாராக இருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாதாகோவிலுக்குப் போனாள். அங்கே மெழுகுவத்தி வைக்க இரண்டு தட்டு உண்டு. மேல்தட்டு உயிரோடிருப்பவர்களுக்கு, கீழ்த்தட்டு இறந்தவர்களுக்கு. அம்மா கடைசிவரை சோதிருக்கு மேல்தட்டில்தான் வைத்தாள். அம்மா போன பிறகு வித்தோரி அதைக் கீழே மாற்றியிருந்தாள், ஒரு முடிவு வேண்டுமே என்று. இன்று ஏற்றிய மெழுகுவத்தியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். மெழுகு விரலில் சொட்டியது. பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள்.

மேல்தட்டில் செருகினாள்.

விளக்குகளைப் பார்த்துக்கொள்ளும் கிழவர் பக்கத்தில் வந்து, "மேல வெச்சிட்டியேம்மா. ஏதாவது சேதி வந்துச்சா?" என்றார்.

"வந்த மாதிரியும் இருக்கு, வராத மாதிரியும் இருக்கு மாமா," என்று சொல்லிவிட்டு அவள் வேலைக்குக் கிளம்பினாள்.