நாலாம் நாள் இருமல்

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இரண்டு காம்பராக்களுக்கு நடுவில் இருந்த சுவர் கூரை வரை எட்டாது. மேலே ஒரு முழம் திறந்தே கிடக்கும். அடுத்த வீட்டுத் தாளிப்பும் சண்டையும் அந்த வழியாக எங்களிடம் வந்துவிடும். தெஹியோவிட்ட பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்த எல்லோருக்கும் இது தெரியும். கொழும்பில் இரண்டு வருடம் புடவைக் கடையில் நின்றுவிட்டு வந்த பக்கத்துக் காம்பரா மச்சானுக்கு மட்டும் மறந்து போயிருந்தது.

அன்று மரமெல்லாம் மழையில் நனைந்திருந்ததால் ரப்பர் பால்வெட்டு இல்லை. அம்மா முன்கதவைப் பூட்டிக்கொண்டு டவுனுக்குப் போயிருந்தார். நான் பின்பக்கமாக வந்து அடுப்படியில் உட்கார்ந்து, புளிப்புத் தேசிக்காய்த் தோலால் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். "கையெல்லாம் பால் நாத்தம்" என்று மச்சான் சொன்ன நாளிலிருந்து அதுதான் என் வேலை. வரும் சனிக்கிழமை வீட்டுக்குத் தெரியாமல் அவரோடு அவிசாவளை பஸ் ஏறுவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். ஆனால் இரண்டு நாளாக அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. என்ன தப்புச் செய்தேனோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

பூட்டைப் பார்த்து வீட்டில் ஆளில்லை என்று நினைத்திருப்பார். சுவருக்கு அந்தப் பக்கம் மச்சான் தன் கூட்டாளிகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். "மொதல்ல அவளப் பாக்கவே கூடாதுடா. கூட வர்றவளப் பாத்துச் சிரிக்கணும். அப்புறம் சின்னதா ஒரு கொறை சொல்லணும். நல்லா ஒட்டிக்கிட்டதுக்குப் பொறகு மூணு நாளு மொகம் குடுக்கக் கூடாது. நாலாம் நாளு இருமிக்கிட்டுப் போய் நின்னா, கொத்தமல்லித் தண்ணியோட ஓடி வருவா. வியாழக்கெழம நீங்களே பாருங்க." என் பெயரையும் சொன்னார். சிரித்தார்கள். அவரோடு பழகிய என்னுடைய மூன்று மாதத்தை அவர் வரிசை மாறாமல் ஒப்பித்துக்கொண்டிருந்தார். மூச்சு விட்டால் கேட்டுவிடும் என்று வாயைப் பொத்திக்கொண்டேன். தேசிக்காய்ச் சாறு உதட்டில் எரிந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம், சொன்னபடியே, வாசலில் இருமல் கேட்டது. பொய் என்று தெரிந்தும் என் நெஞ்சு பதறியது. என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. கொத்தமல்லி அவித்து டம்ளரில் எடுத்துக்கொண்டு போனேன். தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் அவருடைய கூட்டாளிகள் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டேன்.

"மச்சான், இன்னைக்கு நாலாம் நாளுதானே? குடிங்க."

அவர் கதவு வழியே உள்ளே, மேலே சுவர் முடிகிற இடத்தைப் பார்த்தார். டம்ளரை வாங்காமலே போய்விட்டார். அந்த மாதமே கொழும்புக்குத் திரும்பிவிட்டார்.

தோட்டத்தில் என்னைக் கெட்டிக்காரி என்றார்கள். இன்று என் மகள்களுக்கும் அப்படித்தான் இந்தக் கதையைச் சொல்கிறேன். ஒன்றை மட்டும் விட்டுவிடுவேன். நான் கேட்டதும், "இல்ல புள்ள, நெசமாத்தான் இருமுது" என்று ஒரு வார்த்தை அவர் சொல்லியிருந்தால், சனிக்கிழமை நான் அந்த பஸ்ஸில் ஏறியிருப்பேன்.