ஹலினா திருப்பிக் கொடுத்த திறப்பு

ஹலினா தகாச்சுக் யாரோடும் நல்லபடி பேசியதில்லை. என் மகள் வைதேகியைப் பாலே வகுப்பில் சேர்க்கப் போன அன்றே, "தாய்மாருக்கு இங்க கதிரை இல்லை. வெளியில நில்," என்றார் தன் கொச்சை ஆங்கிலத்தில். மெல்பேர்ணின் மேற்குப் புறநகர் ஒன்றில், உக்ரேனியர் சங்க மண்டபத்தில் பதினெட்டு வருடமாகப் பாலே கற்பித்தார்; மண்டபக் கதவைப் பூட்டித் திறக்கும் திறப்பும் அவரிடமே இருந்தது. அந்த வகுப்பைத் தவிர அவருக்கு வேறொன்றும் இல்லை.

கீவில் ஆடியவர். போர்க்காலத்தில் ஜெர்மானியர் பிடித்துப்போய்த் தொழிற்சாலையில் போட்டார்கள். 1949இல் அகதியாகக் கப்பலில் வந்து, அரசாங்க ஒப்பந்தப்படி இரண்டு வருடம் ஆஸ்பத்திரித் துணி வெளுத்தார். அதற்குள் முழங்கால் மேடைக்கு உதவாமல் போய்விட்டது.

1975இல் சோவியத் பாலே குழு ஒன்று வந்தது. தங்கள் நாட்டைப் பறித்த சோவியத்காரரின் ஆட்டத்தைப் பார்ப்பவர் துரோகி என்று சொல்லிச் சங்கம் அரங்க வாசலில் மறியல் செய்தது. ஹலினாவோடு கீவில் ஒன்றாகப் பயின்ற தோழிதான் அந்தக் குழுவுக்கு ஆசிரியை. பார்த்து முப்பத்து மூன்று வருடம்.

"தலையில துணி கட்டிக்கொண்டு பகல் காட்சிக்குப் போறன். தனியப் போனாச் சந்தேகப்படுவினம். நீயும் வா," என்றார் ஹலினா என்னிடம்.

ஆட்டம் பார்க்கப் போவதென்றால் எங்கள் ஊர் வழக்கம் வேறு. அரக்குப் பட்டுச்சேலை உடுத்து, பூ வைத்துப் போனேன். மறியல்காரர் அத்தனை பேரும் திரும்பினார்கள். முதலில் என்னைப் பார்த்தார்கள், பிறகு பக்கத்தில் நின்றவரை.

"பானி ஹலினா!" என்று ஒருவர் கத்தினார். பானி என்றால் அவர்களுக்கு அம்மணி. இன்னொருவர் காறித் துப்பினார்.

"விசரி! கலியாண வீடெண்டு நினைச்சியோ?" என்று என்மேல் சீறியபடி ஹலினா உள்ளே போனார். தோழியைப் பார்க்கக் குழுவின் காவலர் விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். எங்களைப்போன்ற பெற்றோருக்காகச் செயலாளர் ஒஸ்தாப் ஆங்கிலத்தில் பேசினார்.

"மன்னிப்புக் கேளுங்கோ, பானி. மண்டபத் திறப்பு உங்களிட்டயே இருக்கட்டும்."

"ஒஸ்தாப், உன்ர மகளுக்கு நிமிர்ந்து நிக்கப் பழக்கினது ஆர்? நான் கம்யூனிஸ்ட் கட்சியைப் பார்க்கப் போகேல்லை. என்ர சிநேகிதியைப் பார்க்கப் போனனான். அவள் திரும்ப வந்தா, திரும்பவும் போவன்."

"அப்ப மண்டபம் இல்லை."

ஹலினா திறப்பை மேசையில் எறிந்தார். எங்கள் குடியுரிமை விண்ணப்பம் அப்போது பரிசீலனையில் இருந்தது. அவருக்காக எழுந்து பேசினால் கம்யூனிஸ்ட் என்று பெயர் வந்துவிடும்; எனக்குச் சங்கத்துக்கும் பயம், அரசாங்கத்துக்கும் பயம். பின்வரிசையில் குனிந்தே இருந்தேன்.

வாசலில் ஹலினா என்னை மறித்து, ஒரு துண்டுக் காகிதத்தில் வேறொரு ஆசிரியையின் விலாசத்தை எழுதி நீட்டினார்.

"உன்ர முகத்தில முழிக்க எனக்கு விருப்பமில்லை. ஆனா பிள்ளையின்ர கால் நல்ல கால். நாளைக்கே கொண்டுபோய் விடு."

பிறகு அவர் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். யாருக்கும் கற்பிக்கவில்லை.