பழனிசாமிக்கு இன்னொரு வருடம் ஜூனியர்

எருத்தேன்பதிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் நான் டிரில் மாஸ்டராகச் சேர்ந்தது ஐம்பதுகளின் தொடக்கத்தில். முதல் நாளே ஹெட்மாஸ்டர், மைதானத்தில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே குறுக்குக் கம்பி போட்டிருந்த பாரில் என்னை ஏறிக் காட்டச் சொன்னார். ஏறினேன், சுற்றினேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். இறங்கும்போது மட்டும் உட்கார்ந்தபடி தரைக்கு வந்து சேர்ந்தேன். அந்த வாரம் முழுக்க நின்றுகொண்டே சாப்பிட்டேன்.

அதன்பின் பாருக்கு அடியில் வைக்கோலைப் பரப்பினோம். மேட் வாங்க வழியில்லை, வைக்கோலுக்குப் பஞ்சமில்லை. எங்கள் பையன்கள் வைக்கோல் போரில் குதித்தே வளர்ந்தவர்கள். போரில் குதிக்கிறவன் காலை ஊன்ற மாட்டான், பொத்தென்று உட்காருவான். பாரிலிருந்தும் அப்படியே இறங்கினார்கள். மாஸ்டரே உட்காருகிற ஆசாமி என்பதால் யாருக்கும் அது குறையாகத் தெரியவில்லை.

மீனாட்சிபுரத்துப் பால்காரர் ரங்கசாமியின் மகன் பழனிசாமி, பாரில் ஏறினால் அணில். ஜூனியர் போட்டியில் மூன்றாவதாக வந்தான். சுற்றெல்லாம் சுத்தம். போட்டி மைதானத்தின் நார்ப் பாயில் இறங்கியபோது உட்கார்ந்துவிட்டான். அடுத்த வருடம் சீனியருக்கு அனுப்பலாம், ஜூனியரிலேயே இன்னொரு முறையும் நிறுத்தலாம். வயது இரண்டுக்கும் இடம் கொடுத்தது. ஆனால் சீனியரில் குட்டிக்கரணம் போட்டுத்தான் இறங்க வேண்டும். அதில் உட்கார்ந்தால் முதுகெலும்பு போய்விடும்.

ஹெட்மாஸ்டர் கல்பாத்திக்காரர். "என்ன ஓய் யோசனை? சீனியர்ல நம்ம ஸ்கூலுக்கு ஆளே இல்லை. அனுப்பும். எறங்கறதெல்லாம் தன்னால வந்துடும்" என்றார்.

"எனக்கு இன்னும் வரலையே சார்" என்றேன்.

ரங்கசாமிக்கும் பொறுக்கவில்லை. "ஏனுங்க சார், கன்னுக்குட்டி ரெண்டு வருசம் கன்னுக்குட்டியாவே இருக்குமுங்களா?"

"நான் அஞ்சாம் வகுப்புல மூணு வருசம் இருந்தனுங்க" என்றேன்.

"அதாங்க பயமா இருக்குது" என்றார்.

பழனிசாமி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றான். "கூடப் படிக்கிறவங்கெல்லாம் சிரிப்பாங்க சார். நான் சீனியருக்குத்தான் போவேன்."

அவர்கள் முன்னாலேயே வைக்கோலை வாரி ஒதுக்கிவிட்டு இரவல் வாங்கி வந்த ஒரு நார்ப் பாயை விரித்தேன். "கரணம் வேண்டாம், சும்மா தொங்கிக் குதி" என்றேன். குதித்தான். உட்கார்ந்தான். மறுபடி ஏறினான், மறுபடியும் உட்கார்ந்தான். மூன்றாம் தடவை ஏறவில்லை. பாரையே பார்த்துக்கொண்டு நின்றான். பின்புறத்தைத் தடவியபடி வந்து, "பேரு குடுத்துறாதீங்க சார். இன்னொரு வருசம் ஜூனியர்லயே நின்னுக்கறேன்" என்றான். எனக்குக் கண் கலங்கியது. தூசி விழுந்ததாகச் சொல்லிக்கொண்டேன்.

அந்த வருடம் பாருக்கு அடியில் வைக்கோலே கிடையாது. நானும் அவனும் சேர்ந்தே குதித்துப் பழகினோம். எனக்குக் கடைசிவரை வரவில்லை. அவனுக்கு வந்தது.

அடுத்த ஜூனியர் போட்டி. நானும் ஹெட்மாஸ்டரும் ஒரே பெஞ்சில், ஆளுக்கொரு ஓரத்தில். பழனிசாமி கடைசிச் சுற்றை முடித்துக் கையை விட்டான். இரண்டு பாதமும் பாயில் பதிந்தன. அசையவில்லை, நட்டு வைத்த கம்பம் மாதிரி நின்றான். நான் கத்திக்கொண்டு எழுந்தேன். என் பக்கம் பெஞ்சு மேலே போனது, அந்தப் பக்கம் கீழே. பையன் நின்றான், ஹெட்மாஸ்டர் உட்கார்ந்தார், தரையில்.

அங்கிருந்தபடியே சொன்னார்: "இப்ப எழுதும் ஓய், சீனியருக்கு இவன் பேரை!"

அன்று முதலிடம் அவனுக்கு. மேலே அனுப்பலாமா என்று இளம் மாஸ்டர்கள் இன்றும் என்னிடம் கேட்பதுண்டு. பையன் ஏறுவதைப் பார்க்காதீர்கள், இறங்குவதைப் பாருங்கள் என்பேன். பெஞ்சிலிருந்து மெதுவாக எழுந்திருங்கள் என்றும் சொல்வேன்.