ஸ்கந்தபுரத்துச் செவப்பியும் கொழும்புப் பங்குச் சந்தையும்

பங்கு வாங்கி விற்கும் செயலியைப் படிப்பிக்கிற தொழிலில் ஒரு பெரிய வசதி உண்டு: படிப்பிக்கிறவனுக்கு நீந்தத் தெரிய வேண்டியதில்லை, கரையில் நின்று கையைக் காட்டினால் போதும்.

கிளிநொச்சியில், கண்டி வீதி ஓரமாக எனக்கு ஒரு சின்னக் கடை. போட்டோக் கொப்பி, மின்சாரக் கட்டணம், போனுக்குக் காசு போடுவது என்று ஓடிக்கொண்டிருந்த கடையைக் கொழும்பிலுள்ள ஒரு பங்குத் தரகு நிறுவனம் திடீரென்று தன் வன்னி முகவர் நிலையம் ஆக்கியது. புதிதாக வருகிறவர்களின் போனில் செயலியை இறக்கிக் கொடுக்க வேண்டும். முதலில் பயிற்சிக் கணக்கில் பொய்க் காசை வைத்துப் பழக்க வேண்டும். ருசி பிடித்ததும் மெய்க் கணக்குக்கு மாற்றிவிட வேண்டும். மாற்றினால் எனக்குத் தரகு. ஐம்பது வயது தாண்டியவனுக்கு இது தேவைதானா என்று என்னை நானே கேட்பதுண்டு. பதில் வருவதற்குள் யாராவது போட்டோக் கொப்பிக்கு வந்துவிடுவார்கள்.

நீங்களும் வீட்டில் யாருக்காவது போன் படிப்பித்து வாய் உலர்ந்திருப்பீர்கள். ஆகவே விளக்கம் வேண்டாம், நேரே நோவுக்குப் போவோம்.

கடவுச்சொல்

முதல் ஆளாக வந்தவர் ஸ்கந்தபுரம் கருப்பையா. என் வயதுதான் இருக்கும். மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பம். கொஞ்சம் வயல், ஒரு பால் மாடு, மனைவி முத்துலெட்சுமி. வயல் மழையைப் பொறுத்தது. வீடு நடப்பது மாட்டில்.

கடவுச்சொல் ஒன்று வேண்டும், யாருக்கும் தெரியாத சொல்லாக இருக்க வேண்டும் என்றேன். கருப்பையா கடை முழுக்கக் கேட்கும்படி, "செவப்பி!" என்றார். மாட்டின் பெயர். போட்டோக் கொப்பி மெசினில் நின்ற, கடையில் எனக்கு உதவிக்கு இருக்கிற ஜெயந்தி சிரித்தாள். வாசலில் நின்ற இருவர் "நல்ல பேர்" என்றார்கள். இனி அது இரகசியம் அல்ல, வேறொன்று சொல்லுங்கோ என்றேன். வேறொன்று மறந்துபோகும் என்றார். சரி, இதையாவது நீங்களே உங்கள் கையால் அடியுங்கோ, எனக்குத் தெரியக்கூடாது என்றேன். போனை என் பக்கம் தள்ளிவிட்டுக் கதிரையில் சாய்ந்துகொண்டு சொன்னார்: "நீங்களே அடிச்சு, நீங்களே வச்சுக்குங்க ஐயா. ஒங்கள நம்பலன்னா, பெறகு யார நம்பி நான் மாட்ட விக்கிறது?"

நல்ல நேரம்

மாட்டை விற்கப்போகிறார் என்ற செய்தி எனக்குள் குறுகுறுத்துக்கொண்டிருந்தது. ஆனாலும் தொழில் தொழில்தானே. அந்த வெள்ளிக்கிழமை வவுனியா போய், நெளுக்குளத்தில் சிவஞானம் மாஸ்டர் வீட்டில் செயலி படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். ஒரு வங்கியின் பங்கை வாங்குவதற்கு வாரக்கணக்கில் படித்து, வரைபடம் கீறி, விலையும் தீர்மானித்து வைத்திருந்தார். விரலைப் பொத்தானுக்குக் கொண்டுபோனபோது மணி பத்தரை. மாஸ்டர் சுவரிலிருந்த கலண்டரைப் பார்த்தார். ராகுகாலம். விரல் அப்படியே நின்றுவிட்டது.

பன்னிரண்டு மணிவரை இருவரும் பிளேன்ரீ குடித்துக்கொண்டு அந்த விலை ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ராகுகாலம் முடிந்தபோது விலை மாஸ்டரின் கணக்கை எல்லாம் தாண்டிப் போயிருந்தது. அவரோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, பெரியதொரு தேற்றத்தை நிறுவி முடித்த திருப்தியோடு சொன்னார்: "பாத்தீரே தம்பி, ராகுகாலத்தில வாங்காமல் விட்டதுக்கே இவ்வளவு நட்டமெண்டால், வாங்கியிருந்தால் என்ன கதி?"

கூறல்

முல்லைத்தீவுக் கரையிலிருந்து அந்தோனிப்பிள்ளை சம்மாட்டி வந்தார். சொந்தமாகப் படகு வைத்து, கடற்கரையில் மீனை ஏலம் கூறி விற்கிற மனிதர். நாலு பேர் நடுவில் மீனைக் கொட்டி விலை கூறினால், அந்த இடத்திலேயே வாங்குகிறவன் முகம் தெரியும். அவன் கஞ்சனா, கடன் சொல்கிறவனா என்பதும் தெரியும். பயிற்சிக் கணக்கில் ஒரு பங்கை விற்றுக் காட்டினேன். "ஆர் வாங்கினது?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "சரி, எனக்கு வித்தது ஆர்?" அதுவும் தெரியாது என்றேன். அந்தக் கம்பனிக்காரனையாவது தெரியுமா என்றார். நான் வரைபடத்தைக் காட்டினேன். பச்சைக் கோடு, சிவப்புக் கோடு.

போனைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பி, நல்ல மீனா என்று பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு மேசையில் வைத்துவிட்டு இடுப்புச் சாரத்தைச் சரி செய்துகொண்டு எழும்பினார். "மீன் எண்டால் செவுளைத் திறந்து பாப்பன். இதில எதைத் திறந்து பாக்கிறது, சொல்லுங்கோ பாப்பம்?"

பங்காளி

இதற்கிடையில் கருப்பையா பயிற்சிக் கணக்கில் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார். அவர் வாங்கியது ஒரேயொரு கம்பனியின் பங்கு, ஒரு தேயிலைக் கம்பனி. பல கம்பனிகளில் பிரித்துப் போடுங்கோ என்று பாடப்புத்தகத்தில் உள்ளதை ஒப்புவித்தேன். காதில் விழவில்லை. அந்தக் கம்பனியின் கையில்தான் அவருடைய தாயும் தகப்பனும் வேலை செய்த தோட்டம் இருக்கிறதாம். அவர் பிறந்த லயத்து வீடும் அங்கேதானாம். பொய்க் காசு நாளுக்கு நாள் ஏற, கருப்பையாவின் முதுகும் நிமிர்ந்துகொண்டு வந்தது. கடைசியில் மாட்டுக்கு ஆளும் பார்த்துவிட்டார். மெய்க் கணக்கு, மெய்ப் பங்கு. தோட்டத்தில் தானும் ஒரு பங்காளி.

பங்காளி ஆனால் அங்கே போய்ப் பார்க்கலாமா என்று கேட்டார். பங்குதாரர் கூட்டத்துக்குக் கூப்பிடுவார்கள் என்றேன். சட்டப்படி அது உண்மை. அவர் கதிரையை என் பக்கம் நகர்த்தினார். பிறகு குரலைத் தாழ்த்தி, நான் சிரித்துவிடுவேனோ என்று என் முகத்தையே பார்த்தபடி கேட்டார்: "அப்ப தோட்டத்துத் தொரை எனக்குச் சலாம் போடுவாரா ஐயா?"

மேலிடம்

அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை. அந்த மனிதரின் ஆசையில் பிழை கண்டுபிடிக்க நான் யார்? விலை ஏறவும் கூடும். ஆனால் இறங்கினால் முத்துலெட்சுமி எதைக் கறப்பாள்? விடிந்ததும் கொழும்புக்குப் போன் எடுத்தேன். பயிற்சிப் பொறுப்பாளர் தம்பி ஒருவர். தேன் மாதிரிக் கதைப்பார். இந்த ஆளுக்கு வேறு வருமானம் இல்லை, இன்னும் கொஞ்சநாள் பயிற்சியிலேயே விட்டுவைப்போமா என்றேன். இந்த மாதம் உங்கள் நிலையத்திலிருந்து ஒரு மெய்க் கணக்குத்தானும் வரவில்லை, முகவர் பொறுப்பைப் பற்றி மேலே யோசிக்கிறார்கள் என்று அன்பாகச் சொன்னார். பிறகு என் அறியாமைக்கு இரங்கி ஒரு பாடமும் எடுத்தார்: "ஆசை வாற நேரத்தில மாத்திப்போடோணும் அண்ணை. யோசிக்க விட்டால் ஆக்கள் புத்திசாலியாகிடுவினம்."

கயிறு

அடுத்த நாள் கருப்பையா மனைவியோடு வந்தார். மாட்டு வியாபாரி மறுநாள் காலை வருவதாகச் சொல்லியிருந்தான். மெய்க் கணக்குக்கு மாற்றும் பக்கத்தைத் திறந்தேன். அதில் நீளமாக ஓர் எச்சரிக்கை, ஆங்கிலத்தில். கீழே ஒரு பெட்டி. பெட்டியில் சரி போட்டால் எல்லாவற்றையும் வாசித்து விளங்கிக்கொண்டதாக அர்த்தம். முந்தின மாதங்களில் நான் எத்தனையோ பேருக்கு வாசிக்காமலே விளங்க வைத்திருக்கிறேன்.

அன்று ஏனோ விரல் போகவில்லை. மனச்சாட்சி என்று சொல்ல ஆசைதான். ஆனால் ஜெயந்தி மெசினை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வைக்குப் பயந்ததாகவும் இருக்கலாம். எச்சரிக்கையை வரிவரியாகத் தமிழில் சொன்னேன். போட்ட காசு முழுவதும் போகலாம். போனால் நிறுவனம் பொறுப்பல்ல. முன்பு ஏறியது இனியும் ஏறும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

முத்துலெட்சுமி கதிரையின் நுனிக்கு வந்தாள். அவர்கள் பக்கத்தில் மாட்டை விற்றாலும் கட்டின கயிற்றைக் கொடுக்க மாட்டார்கள். கயிறு வீட்டில் இருந்தால்தான் பட்டிக்குத் திரும்ப மாடு வரும் என்று நம்பிக்கை. அவள் புருஷனைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "மாடு போனா கயிறு மிஞ்சும் ஐயா. இது போனா என்னா மிஞ்சும்?"

மிச்சம்

செயலி மிஞ்சும் என்று நான் சொல்லவில்லை. கருப்பையா போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழும்பிப் போய்விட்டார். மாட்டு வியாபாரி மறுநாள் வெறுங்கையோடு திரும்பினான். மாத முடிவில் கொழும்பு என்னை மறந்தது. கடை மறுபடி போட்டோக் கொப்பிக் கடை ஆயிற்று. ஒரு மாட்டைக் காப்பாற்றிவிட்டேன் என்று நெஞ்சுக்குள் சின்னதாக ஒரு பெருமை வந்தது. வந்ததுதான் தாமதம், அந்தத் தேயிலைப் பங்கு ஏறத் தொடங்கியது. சும்மா ஏறவில்லை, கொழுந்து விட்டு ஏறியது.

அதிலிருந்து கருப்பையா என்னோடு கதைப்பதில்லை. என் கடையைத் தாண்டும்போது சைக்கிளை வேகமாக மிதிக்கிறார். பயிற்சிக் கணக்கைத் தேநீர்க் கடையில் எல்லோருக்கும் திறந்து காட்டி, இதெல்லாம் மெய்யாக இருந்திருக்க வேண்டிய காசு என்கிறாராம். முத்துலெட்சுமி மட்டும் கிழமைக்கு ஒருதரம் ஒரு போத்தல் பாலை ஜெயந்தியிடம் கொடுத்துவிட்டுப் போகிறாள். நான் செய்தது சரியா பிழையா என்று இன்னும் யோசித்துக்கொண்டுதான் அந்தப் பாலில் தேத்தண்ணீர் குடிக்கிறேன். தேநீர்க் கடையில் கருப்பையா சொன்னதை ஜெயந்தி ஓர் எழுத்தும் குறையாமல் வந்து ஒப்புவித்தாள்: "தொரை சலாம் போடக் கைய தூக்கின நேரத்துல, இந்த ஐயா வந்து தமிழ்ல வாசிச்சுப்புட்டாரு!"

ஆக, நான் திறந்துவிட்ட கணக்குகளிலேயே இன்றுவரை தவறாமல் வரவு தருவது ஸ்கந்தபுரத்தில் கயிற்றோடு நிற்கிற ஒன்றுதான், அதன் கடவுச்சொல்லும் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.