ஆண்கள் சைடு

எங்கள் கொல்லயில் கிராமத்துப் பக்கத்தில் சைடு என்ற சொல் இல்லாமல் யாருக்கும் பொழுது போகாது. பாறசாலை பஸ்ஸில் ஏறினால் ஜன்னலோர சைடு சீட்டுக்குத்தான் அடிபிடி. லாரிக்காரன் சைடு கொடுக்கவில்லை என்று டிரைவர் திட்டிக்கொண்டே ஓட்டுவார். புரோட்டாவுக்கு சைடு என்ன இருக்கிறது என்று ஹோட்டலில் கேட்போம். கல்யாண வீட்டில் நீங்கள் பெண் சைடா மாப்பிள்ளை சைடா என்று நம்மைக் கேட்பார்கள். ரப்பர் வெட்டுகிற எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சைடாக ஆட்டோ ஓட்டுகிறார். நானும் இந்தச் சொல்லைத் தாராளமாகவே செலவழித்தேன், என் கணவருக்கு இடது சைடு விழுந்துபோகும்வரை.

பக்கவாதம். நான்கு மாதத்தில் பிடித்துப் பிடித்து நடக்கத் தொடங்கினார். ஆனால் உட்கார்ந்தால் இடப்பக்கமாகச் சரிவார். அந்தப் பக்கம் யாராவது தோள் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அவருக்கு இருந்த ஒரே ஆசை கோயிலுக்குப் போய்ப் போதகர் கையால் அப்பமும் ரசமும் வாங்கித் திருவிருந்து எடுப்பது.

எங்கள் பழைய மிஷன் கோயிலில் வலதுபுறம் ஆண்கள் சைடு, இடதுபுறம் பெண்கள் சைடு. கல்யாணமாகி முப்பது வருடத்தில் ஒரு ஞாயிறுகூட நாங்கள் சேர்ந்து உட்கார்ந்ததில்லை. அது எனக்கு உறைக்கவே இல்லை என்பதை நினைத்தால் என் மேல்தான் ஆத்திரம் வருகிறது. முதல் தடவை அவரை ஆண்கள் நடுவே விட்டுவிட்டு நான் இந்தப் பக்கம் பாடிக்கொண்டிருந்தேன். இரண்டாவது பாட்டிலேயே அவர் பெஞ்சிலிருந்து தரையில் விழுந்தார். அந்த வெட்கத்தில் மூன்று வாரம் கோயில் பேச்சையே எடுக்கவில்லை.

நான்காவது வாரம் நானே கூட்டிக்கொண்டு போய், ஆண்கள் சைடில் மூன்றாவது பெஞ்சில் அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்தேன். கமிட்டிச் செயலாளர் வந்து குனிந்தார்.

"அக்கா, இது ஆம்பிளயளுக்க சைடாக்கும். அங்கோட்டு மாறி இரியுங்க. அண்ணனை நாங்க பாத்துக்கிடுவோம்."

"விழுந்தா எடுக்கியதுக்கு ஆளு உண்டு. விழாம பிடிக்கியதுக்கு நான் மட்டுந்தான் உண்டு. மாற மாட்டேன்."

வாசலோரம் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுத் தருவதாகச் சொன்னார். செருப்பு கழற்றிப்போடும் இடத்தில் உட்கார எங்களுக்கு என்ன தலையெழுத்து? வேண்டாம் என்றேன். பெண்கள் பக்கமிருந்து எத்தனை கண்கள் என் முதுகைத் துளைத்தன என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

திருவிருந்துக்கு ஆண்கள்தான் முதலில் போவார்கள். அவரைத் தாங்கிக்கொண்டு நானும் போய்ப் பக்கத்தில் முழங்காலிட்டேன். போதகர் அவருடைய உள்ளங்கையில் அப்பத்தை வைத்தார். என்னைத் தாண்டி அடுத்தவரிடம் போனார்.

என் கணவர் அப்பத்தை வாயில் வைக்கவில்லை. கையை நீட்டியபடியே இருந்தார். எடுத்துக்கொள்ளுங்கள் என்று போதகர் ஜாடை காட்டினார். இவர் குழறுகிற நாக்கால், கேட்கும்படியாகவே சொன்னார்.

"இவளுக்குங் குடுங்க."

பாட்டு முடிந்துவிட்டது. பின்னால் அடுத்த வரிசை காத்து நின்றது. நிற்கட்டும் என்று நானும் கையை நீட்டினேன். போதகர் திரும்பி வந்து என் கையில் அப்பத்தை வைத்த பிறகுதான் இவர் தன் அப்பத்துக்கு வாயைத் திறந்தார்.